எக்ஸ்ரேயில் 3 எண் கூடினால் அது வேறு ஸ்கேட் இனமா?

எலும்புப்பித்தன்:
ஒரே இனப் பெயர் ஒட்டிய பழைய ஜாடிகளில் இருந்து 11 ஸ்கேட்களை (திருக்கை வகைத் தட்டை மீன்கள்) எக்ஸ்ரே எடுத்தேன். மார்புத் துடுப்பை விசிறிக் குச்சிகள் போலத் தாங்கும் ஆரைக் குருத்தெலும்புகளை எண்ணினால் நான்கு மீன்களில் மட்டும் மற்றவற்றைவிட 3 அதிகம். இது வேறு இனம்தான் என்று என் மனம் சொல்கிறது. என்ன சொல்கிறீர்கள்?

மரபணு மாமா:
மனம் சொல்லும், டிஎன்ஏ சொல்லாது. ஸ்கேட் என்பது 300 இனங்கள் வரை இருந்தும் எல்லாம் ஒரே தட்டையான அச்சில் வார்த்தது மாதிரி இருக்கிற கூட்டம். அதில் எண்ணிக்கையை வைத்து இனம் பிரிப்பது சூதாட்டம். ஒரு துண்டு சதை வெட்டி அனுப்புங்கள், வேலை முடிந்தது.

எலும்புப்பித்தன்:
ஃபார்மலினில் பல காலம் ஊறிய மீன் மாமா. அதில் டிஎன்ஏ துண்டு துண்டாகச் சிதைந்திருக்கும், சாதாரணமாகப் படிக்க வராது. பழைய மாதிரிகளை, அதிலும் இனத்துக்குப் பெயர் வைத்த அந்த முதல் மாதிரியையே ஒப்பிட வேண்டுமென்றால் கையில் இருப்பது குருத்தெலும்புதானே?

கடற்பூனை:
பித்தன் பக்கம் நான். மூக்கு நுனிக் குருத்தெலும்பு தடித்து விறைப்பாக இருக்கிறதா, மெல்லியதாக வளைகிறதா என்பதை வைத்தே ராஜிடே, அரிங்கோபாட்டிடே என்று இரண்டு பெரிய குடும்பங்களைத் தடவிப் பார்த்தே ஓரளவு பிரிக்கலாம். ஆணின் கிளாஸ்பர், அதாவது இனச்சேர்க்கை உறுப்பு, இன்னும் நல்ல சாட்சி. அதன் நுனிக்குள் இருக்கும் குட்டிக் குருத்தெலும்புத் துண்டுகளின் வடிவத்தை வைத்து இஷியாமா, ஸ்டேமன், மெக்எக்ரன் போன்ற ஸ்கேட் ஆய்வாளர்கள் எல்லாம் பேரினங்களையே வரிசைப்படுத்தினார்கள்.

மரபணு மாமா:
பேரினத்துக்குச் சரி. கேள்வி இனத்தைப் பற்றியது. கிளாஸ்பரும் வயது வந்த ஆணுக்கு மட்டும்தான் முழுதாக வளர்ந்திருக்கும், பெண்ணையும் குஞ்சையும் என்ன செய்வீர்கள்? டிப்டூரஸ் பாட்டிஸ் என்ற ஐரோப்பிய ஸ்கேட்டின் கதையைப் பாருங்கள். 1926 இல் கிளார்க் ஐரோப்பிய ஸ்கேட்களின் வகைப்பாட்டைத் திருத்தி எழுதியதிலிருந்து அது ஒரே இனம் என்றே ஓடியது. 2009, 2010 இல் மரபணு பார்த்த பிறகுதான் உள்ளே இரண்டு இனம் இருப்பது உறுதியானது. ஒன்று ஒன்றரை மீட்டரைக்கூட எட்டாது, மற்றது இரண்டு மீட்டரைத் தாண்டும். இவ்வளவு பெரிய வித்தியாசத்தை எண்பது வருடம் ஒரே பெயரில் போட்டு வைத்திருந்தோம், மீன்பிடிப் புள்ளிவிவரமும் சேர்ந்தே கெட்டது.

கடற்பூனை:
அதே கதை உங்களுக்கு எதிராகத்தான் பேசுகிறது. பெரிய இனத்துக்கு இண்டர்மீடியா என்று பார்னெல் 1837 இலேயே பெயர் வைத்துவிட்டார், டிஎன்ஏ என்ற சொல்லே இல்லாத காலத்தில். பல், முள், நிறம் எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம். கிளார்க் சேர்த்தது தப்பு, உடலமைப்பு செய்தது தப்பில்லை.

மரபணு மாமா:
பார்னெலுக்கும் கண், கிளார்க்குக்கும் கண். ஒரே கண் ஒருமுறை பிரித்து ஒருமுறை சேர்த்தால் நடுவில் தீர்ப்பு சொல்ல யார்?

கடற்பூனை:
உங்கள் நடுவருக்கும் பார்வை மங்கல்தான். சுறா, திருக்கை வகைகளில் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ மெதுவாகவே மாறும். ராஜா கிளவாட்டா, ராஜா மதெய்ரென்சிஸ் என்ற இரண்டு ஸ்கேட் இனங்களை, இனம் கண்டுபிடிக்கப் படிக்கிற அந்த பார்கோடு மரபணுவில் பிரிக்கவே முடிவதில்லை.

மரபணு மாமா:
அப்படியானால் அவை ஒரே இனமாக இருக்கலாம் என்றும் படிக்கலாம் :)

பழைய தராசு:
இருவரும் நிறுத்துங்கள், கேட்டவருக்குப் பதில் இன்னும் வரவில்லை. பித்தன், அந்த 3 எவ்வளவு பெரியது என்று முதலில் தெரிய வேண்டும். ஒரே இனத்துக்குள்ளேயே எண்ணிக்கை ஆடும், ஆண் பெண் என்றும், வளர்ந்த நீரின் வெப்பநிலையாலும். எண்ணுபவர் கைப்பிழை வேறு. முள்ளெலும்பு எண்ணியவர்களுக்கு இது பழகிய தலைவலி: தலைக்குப் பின்னால் பல முள்ளெலும்புகள் இறுகி சைனார்க்குவல் என்ற ஒரே குழாயாகிவிடும், அங்கே எங்கிருந்து ஒன்று இரண்டு தொடங்குவது என்பதில் ஆளுக்கு ஒரு வழக்கம். துடுப்பிலும் முதல் ஆரையும் கடைசி ஆரையும் அவ்வளவு தெளிவாக இருக்காது. ஒரு சுலபமான சோதனை சொல்கிறேன், ஒவ்வொரு மீனிலும் இடது வலது இரண்டையும் தனித்தனியாக எண்ணுங்கள், பழைய எண்ணைப் பார்க்காமல், ஜாடி எண்ணையும் மறைத்துவிட்டு.

எலும்புப்பித்தன்:
எண்ணிவிட்டேன், இரண்டு நாள் ஆனது. 11 இல் 5 மீன்களில் இடதும் வலதும் ஒத்துப்போகவில்லை, ஒன்றில் வித்தியாசமே 2. அப்புறம் அந்த நான்கில் ஒன்றை மறுபடி எண்ணியபோது 3 கூடுதல் 1 ஆகிவிட்டது.

மரபணு மாமா:
ஹா.

கடற்பூனை:
சிரிக்காதீர்கள், மிச்சம் மூன்று இருக்கிறது. அவற்றில் வளர்ந்த ஆண் உண்டா பித்தன்?

எலும்புப்பித்தன்:
ஒன்று உண்டு. கிளாஸ்பரை வெட்டாமல் உள்ளே பார்க்க சிடி ஸ்கேன் கேட்டிருக்கிறேன். வந்ததும் படம் போடுகிறேன்.