500 பேரு வந்து ஆஸ்டெக் ராஜ்யத்தையே எப்படிங்க கவுத்தாங்க?

மலைக்காற்று:
பையனுக்கு பாடம் சொல்லிக் கொடுக்கும்போது வந்த டவுட்டு. 1519ல ஸ்பெயின் தளபதி கோர்டெஸ் சுமார் 500 வீரர்களோட மெக்சிகோ கரையில இறங்குறாரு, 1521 ஆகஸ்ட்ல தலைநகர் டெனோச்டிட்லான் விழுந்துடுது. குதிரை, பீரங்கின்னு மட்டும் புக்குல போட்டிருக்கு, மனசு ஒத்துக்க மாட்டேங்குது.

ஏரிக்கரை:
ஒத்துக்காததுதாங்க சரி. கடைசி முற்றுகையில ஸ்பானியர்களோட நின்னது பல்லாயிரம் உள்ளூர் வீரர்கள், முக்கியமா ட்லாஸ்கலாக்காரங்க. ஆஸ்டெக்னா ஒரே நாடு இல்ல, 1428ல டெனோச்டிட்லான், டெஸ்கோகோ, ட்லாகோபான்னு மூணு ஊரு கூட்டு சேந்து வளந்த ராஜ்யம், ஜெயிச்ச ஊர்ல பெரும்பாலும் பழைய ராஜாவையே விட்டுட்டு பருத்தித் துணி, கோகோ கொட்டை, பறவை இறகுன்னு கப்பம் வாங்கிட்டு இருந்தாங்க. ட்லாஸ்கலா கடைசி வரைக்கும் பணியல, அதனால சுத்தி வளச்சு உப்பு கூட உள்ள போக விடாம பண்ணிட்டாங்க. உப்பில்லாத சாப்பாடு சாப்பிட்டே வளந்த ஜனங்க அவங்க! மொதல்ல கோர்டெஸ்கூடவும் சண்டை போட்டுட்டுதான் அப்புறம் சேந்தாங்க.

வெண்ணிலா_கே:
பெரியம்மைய விட்டுட்டீங்களே. 1520 ஜூன் 30 ராத்திரி ஸ்பானியர்கள அடிச்சு ஊரை விட்டே துரத்தினவங்க டெனோச்டிட்லான் ஜனங்க, வீரத்துக்கு குறையே இல்ல. ஆனா சில மாசத்துல அம்மை ஊருக்குள்ள பூந்துருச்சு, புது ராஜா குயிட்லாவாக் சுமார் 80 நாள்தான் ஆண்டாரு, அம்மையிலயே போய்ட்டாரு. அடுத்து வந்த குவாடெமோக் காலத்துல சப்புல்டெபெக் குன்றுல இருந்து குடிதண்ணி வர்ற கால்வாய ஸ்பானியர்கள் உடைச்சு விட்டாங்க, சுத்தி ஏரி இருந்தும் ஊர் ஜனங்க உப்புத் தண்ணிய குடிச்சு கிடந்தாங்க, படிக்கவே நெஞ்சு அடைக்குது.

சேத்துவயல்:
எல்லாரும் விழுந்த கதையவே பேசுறீங்க, வளந்த கதையையும் பையனுக்கு சொல்லுங்க. 1325ல சதுப்புத் தீவுல குடியேறினவங்க, வெள்ளாமைக்கு நிலமே இல்ல. ஆழம் கம்மியா இருக்கிற தண்ணில கழி ஊணி, நாணல் பின்னி, உள்ள ஏரிச் சேத்த கொட்டி மேடாக்கி, ஓரத்துல மரம் வச்சாங்க, வேர் மண்ணைக் கவ்விப் பிடிச்சுக்கும். இதுதான் சினாம்பா. மிதக்கும் தோட்டம்னு எழுதுறாங்க, அது மிதக்காதுங்க. வாய்க்கால்ல தோணி விட்டு அடிவண்டல அள்ளி மேல போட்டா அதுதான் உரம், வருஷத்துக்கு பல போகம். மெக்சிகோ நகரத்துல இருக்கிற சோச்சிமில்கோவுல இன்னைக்கும் அந்த மேட்டுல பூவும் கீரையும் போடுறாங்க, ஆஸ்டெக் ஜனங்களோட நாவட்டில் மொழிய 15 லட்சம் பேருக்கு மேல பேசுறாங்க, அழிஞ்சுபோன இனம்னு மட்டும் பையனுக்கு சொல்லிடாதீங்க ப்ளீஸ்.