அக்ளூட்டினேஷன்: ‘திரள்வு’ போதுமா?

வணக்கம்.

நம் குருதியியல் சொற்பட்டியலில் அணுக்கள் கொத்தாகச் சேர்வதைக் குறிக்கும் அக்ளூட்டினேஷன், அக்ரிகேஷன் இரண்டுக்கும் ‘திரள்வு’ என்றே இருக்கிறது. முதலாவதை ‘உறைதல்’ என்று எழுதுவோரும் உண்டு. அது அடியோடு தவறு. உறைதலில் ஃபைப்ரினோஜென் என்ற குருதிப் புரதம் ஃபைப்ரின் இழைகளின் வலையாகிறது. இங்கே வலையே கிடையாது. ஓர் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) பக்கத்துப் பக்கத்துச் செவ்வணுக்களின் மேலுள்ள ஆன்டிஜென் என்னும் அடையாளப் பொருள்களை ஒருசேரப் பற்றிக்கொள்கிறது. 1901-இல் கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் குருதி வகைகளைப் பிரித்துக் காட்டியது இதைக் கொண்டுதான்.

லத்தீன் வேருக்குப் பசை என்று பொருள். ஆகவே ‘ஒட்டுத்திரள்வு’ என முன்மொழிகிறேன். வினையாகவும் இயல்பாக வரும்: ‘செவ்வணுக்கள் ஒட்டித் திரண்டன’.

*

> ஆகவே ‘ஒட்டுத்திரள்வு’ என முன்மொழிகிறேன்.

இரண்டு சொற்களையும் பிரித்தே ஆக வேண்டும். பிரிக்காவிட்டால் நோயாளிக்குக் கேடு. ஈடிடிஏ என்ற உறைவுத் தடுப்பான் உள்ள குழாயில் எடுத்த குருதியில் தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கை மிகக் குறைவாக வருகிறது. உடலில் கசிவோ செம்புள்ளியோ இல்லை என்று வைத்துக்கொள்வோம். சிலரது குருதியில் உள்ள எதிர்ப்பொருள், ஈடிடிஏ கால்சியத்தைக் கவர்ந்த பிறகு வெளிப்படும் தட்டணுப் பகுதியைப் பற்றிக் கொத்துக் கொத்தாகச் சேர்த்துவிடும். கருவி அந்தக் கொத்துகளைத் தட்டணுவாக எண்ணாது. கண்ணாடித் தகட்டில் குருதிப் பூச்சு எடுத்து நுண்ணோக்கியில் கண்ணால் பார்க்க வேண்டும். பிறகு சோடியம் சிட்ரேட் குழாயில் மீண்டும் எடுத்து எண்ண வேண்டும். அதில் 9 பங்கு குருதிக்கு 1 பங்கு சிட்ரேட் சேர்வதால் விடையை 1.1-ஆல் பெருக்க வேண்டும். இதைச் செய்யாமல் தன்னெதிர்ப்புத் தட்டணுக் குறை என்று முடிவுகட்டி ஸ்டீராய்டு தொடங்குவது பெரும் பிழை.

செவ்வணுவிலும் இப்படித்தான். குளிரில் பிணைக்கும் எதிர்ப்பொருள் இருந்தால் கருவி ஒரு கொத்தை ஒரே பெரிய அணுவாக எண்ணும். எண்ணிக்கை சரியும், சராசரிப் பருமன் ஏறும், எம்சிஎச்சி (செவ்வணுவில் ஹீமோகுளோபினின் சராசரிச் செறிவு) நம்பமுடியாத உயரத்துக்குப் போகும். மாதிரியை 37 பாகை செல்சியஸில் சூடாக்கி, ஆறுமுன் ஓட்டினால் சரியாகும். ரூலோ வேறு: செவ்வணுக்கள் நாணய அடுக்குப் போலிருக்கும், பிளாஸ்மாவை நீக்கி உப்புநீர் விட்டால் கலைந்துவிடும். எதிர்ப்பொருள் சேர்த்த கொத்து கலையாது. ரூலோவுக்கு ‘அடுக்குத்திரள்’ என்றே வைத்துவிடலாம்.

என் தயக்கம் ‘ஒட்டு’ மேல். தட்டணு குருதிக்குழாய்ச் சுவரில் படிவதை ஏற்கெனவே ‘ஒட்டல்’ என்கிறோம்.

*

தட்டணுக்களோடு ரிஸ்டோசெட்டின் என்ற மருந்தைச் சேர்த்துப் பார்க்கும் சோதனையை நினைத்துப் பாருங்கள். ஃபார்மலினில் பதப்படுத்திய, உயிரற்ற தட்டணுக்கள்கூட அதில் கொத்தாகச் சேர்கின்றன. வான் வில்லிபிராண்ட் காரணி என்ற குருதிப் புரதம் வெளியிலிருந்து அவற்றை இணைக்கிறது. ஏடிபி (அடினோசின் டைபாஸ்பேட்) சேர்த்தால் நிலைமை தலைகீழ்: தட்டணு உயிரோடிருந்து, தூண்டப்பட்டு, தன் ஏற்பியின் வடிவத்தை மாற்றினால்தான் ஃபைப்ரினோஜென் பற்றும்.

ஆக, ஒன்றில் அணுக்கள் தாமே முனைந்து திரள்கின்றன. மற்றதில் வேறொன்று அவற்றைத் திரட்டுகிறது. தன்வினையும் பிறவினையும் நம் இலக்கணத்திலேயே இருக்கின்றன. அக்ரிகேஷன் ‘திரள்வு’, அக்ளூட்டினேஷன் ‘திரட்டல்’, அதைச் செய்யும் பொருளான அக்ளூட்டினின் ‘திரட்டி’.

*

தன்வினை, பிறவினைப் பிரிப்பு மிகப் பொருத்தம். முழு மனதோடு ஏற்கிறேன். ஆனால் ‘திரட்டி’ தனியே நின்றால் வலைப்பதிவுத் திரட்டிதான் நினைவுக்கு வரும். ‘திரட்டல்’ நிதிக்கும் தரவுக்கும் போய்விட்டது. முன்னொட்டு தேவை. ‘ஒட்டுத்திரட்டல்’, ‘ஒட்டுத்திரட்டி’, ‘குளிர் ஒட்டுத்திரட்டி நோய்’ என்று வைப்போம். சுவரில் படிவதற்கு ‘பற்றுகை’ என்று மாற்றிவிட்டால் மேலே சொன்ன தயக்கமும் தீரும்.

செவ்வணு மேல் எதிர்ப்பொருள் படிந்திருக்கிறதா என்று பார்க்கும் கூம்ப்ஸ் சோதனைப் பதிவையும் இதற்கேற்பத் திருத்த வேண்டும். அங்கே ஐஜிஜி என்ற எதிர்ப்பொருள் வகை மட்டும் செவ்வணுக்களை ஒட்டித் திரட்டப் போதாது. அணுக்கள் எதிர்மின்னூட்டத்தால் விலகி நிற்கும் இடைவெளியை அது எட்டுவதில்லை. குளோபுலினுக்கு (ஐஜிஜி அடங்கிய புரத வகை) எதிரான சீரம் சேர்த்த பிறகே கொத்து தெரியும். செவ்வணுக்களைச் சரியாகக் கழுவாவிட்டால் எஞ்சிய குளோபுலின் அந்தச் சீரத்தைச் செயலிழக்கச் செய்து பொய்யான எதிர்மறை விடை தரும். எனவே விளக்கத்தில் ‘ஐஜிஜி பூசிய செவ்வணுக்களை ஒட்டித்திரட்டும் சோதனை’ என்று எழுதி, கழுவும் படியையும் சேர்த்துவிடுங்கள்.