கோயில் கொடைக்கு ஜெனரேட்டர் இழுக்க இந்தப் புது மாதிரி பிக்கப் தாங்குமா?

வள்ளியூர் லைட்செட்:
அண்ணாச்சிமாருக்கு வணக்கம். சித்திரை தொடங்கி ஆவணி வரை எனக்குக் கொடை சீசன். 62 கேவிஏ ஜெனரேட்டரை டிராலியில் வைத்து, டீசல் பிக்கப்பில் கொக்கி மாட்டி உவரி, திசையன்விளை, புளியரை என்று இழுத்துக்கொண்டு திரிகிறேன். டிராலியோடு இரண்டு டன் இருக்கும்.

போன ஆனியில் பணகுடி தாண்டிக் காவல்கிணறு போகையில் எதிர்காற்று. மூன்றாவது கியருக்கு மேல் வண்டி நகரவில்லை. டிராலி தார்ப்பாய் ஒரு ஓரம் கிழிந்து, நாகர்கோவில் வரை படபடவென்று அடித்துக்கொண்டே வந்தது.

அமெரிக்காவில் இருக்கும் மச்சினன் ராம் 1500 ரெவ் என்ற பிக்கப்பின் வீடியோ அனுப்பியிருக்கிறான். கரண்டு வண்டி, ஆனால் உள்ளே பெட்ரோல் இன்ஜின் ஜெனரேட்டராக ஓடுமாம். ஜெனரேட்டர் இழுக்க ஜெனரேட்டரா என்று வீட்டுக்காரி சிரிக்கிறாள். பாரம் இழுத்தால் கரண்டு வண்டி பாதி வழியில் படுத்துவிடும் என்கிறார்களே, இது எப்படி? இதிலேயே கொடைக்கு லைட்டும் எரிக்கலாமா?

தென்காசி ரீவைண்டிங்:
படுப்பது உண்மைதான் அண்ணாச்சி. 2022-இல் வந்த போர்டு எஃப்-150 லைட்னிங் என்ற முழுக் கரண்டு பிக்கப்பில் பெரிய டிரெய்லர் மாட்டி ஓட்டிப் பார்த்தவர்களுக்குப் பாதி தூரம்கூடத் தேறவில்லை. எடையைவிடக் காற்றுதான் வில்லன். நீங்கள் 60-இல் போகும்போது எதிர்காற்று 40 என்றால் வண்டிக்கு அது 100. காற்றின் தடை இரண்டே முக்கால் மடங்கு ஆகிவிடும்.

ராமில் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே கிடையாது. 3.6 லிட்டர் வி6 இன்ஜின் 130 கிலோவாட் ஜெனரேட்டரைச் சுற்றும், 92 யூனிட் பேட்டரி கூடவே இருக்கும். பேட்டரியில் மட்டும் 233 கிலோமீட்டர், பெட்ரோலும் சேர்ந்தால் 1,110 என்பது கம்பெனிக் கணக்கு. அதுவும் பின்னால் எதுவும் மாட்டாமல். இழுவை 6,350 கிலோ வரை.

ஓவர்ஹெட் டேங்க் மாதிரிதான். போர் மோட்டார் சீராக ஏற்றிக்கொண்டே இருக்கும். காலையில் தெருவே குழாயைத் திறந்தால் டேங்க் சமாளிக்கும். டேங்க் காலி என்றால் மோட்டார் ஏற்றுகிற அளவுதான் குழாயில் வரும். ஆறு டன் மாட்டி மலையில் வேகமாக ஏறினால் 130 பத்தாது, மிச்சத்தைப் பேட்டரிதான் கொடுக்க வேண்டும். அதனால் அடிவாரத்திலேயே சார்ஜைப் பிடித்து வைக்கணும். உங்கள் இரண்டு டன்னுக்கு அந்தக் கவலை இல்லை. புளியரை எஸ் வளைவில் 40-இல் ஏறினால் 50 கிலோவாட்டுக்குள் முடிந்துவிடும்.

உவரி சவுண்ட்ஸ்:
லைட் கதையை மறந்துடும் வே. அந்த லைட்னிங்கிலேயே பிளக்கில் 9.6 கிலோவாட்தான் வரும். வில்லுப்பாட்டு மைக்குக்கும் நாலு டியூப்லைட்டுக்கும் காணும். சாமக்கொடைக்கு உம்ம சீரியல் செட் மொத்தத்தையும் போட்டால் டிரிப் ஆகி, ஊர்க்காரர் உம்மையே வெட்டிப் படைச்சிருவான்.

வள்ளியூர் லைட்செட்:
சரி, அந்த ஆசையை விட்டாச்சு. காற்றுதான் வில்லன் என்றால், டிராலி முன்பக்கம் சரிவாக ஒரு தகடு வெல்டிங் பண்ணலாமா?

தென்காசி ரீவைண்டிங்:
பண்ணுங்கள், கொஞ்சம் குறையும். ஜெனரேட்டரின் ரேடியேட்டருக்குக் காற்றுப் போகிற ஜன்னலை மட்டும் அடைத்துவிடாதீர்கள்.