கன்சோல் வாங்கிய கதைகள்: பெட்டியின் பின்பக்கத்தைப் பார்த்தீர்களா?

சென்னைவாசி:

டிவியில் மாட்டி விளையாடும் கேம் மெஷின், அதாவது கன்சோல் வாங்க நினைக்கும் தம்பி ஒருவர், சோனியின் பிளேஸ்டேஷன் 5 (பிஎஸ்5) வாங்கலாமா, மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸ் வாங்கலாமா என்று கேட்டிருந்தார். அது பாதிக் கேள்விதான். எந்த பிஎஸ்5, எந்த எக்ஸ்பாக்ஸ் என்பது மீதிப் பாதி. ஒரே பெயரில், பார்க்க ஒரே மாதிரி இருக்கும் பெட்டிக்குள் வேறு வேறு மெஷின்கள் வருகின்றன. கடைக்காரர் அதைச் சொல்ல மாட்டார், பல நேரம் அவருக்கே தெரியாது. என் பணத்தை இதுவரை காப்பாற்றியது அந்த மீதிப் பாதிதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சொந்தச் சம்பளத்தில் முதல் கன்சோல் வாங்க நான் கிளம்பியது 2009-இல். அப்போது போட்டி பிஎஸ்3-க்கும் எக்ஸ்பாக்ஸ் 360-க்கும். என் பட்ஜெட்டுக்குள் வந்தது 360 தான். ஆனால் அந்தப் பெயரைச் சொன்னாலே எல்லாரும் பயமுறுத்தியது சிவப்பு வளையத்தைச் சொல்லித்தான். ஆன் செய்யும் பட்டனைச் சுற்றி நான்கு துண்டாக விளக்கு இருக்கும். அதில் மூன்று துண்டு சிவப்பாக மின்னினால் மெஷின் போய்விட்டது என்று அர்த்தம். சிப் சூடாவதும் ஆறுவதுமாக இருந்து இருந்து, உள்ளே இணைப்புகள் விரிசல் விட்டதுதான் காரணம். 2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் இந்தப் பழுதுக்கு மட்டும் வாரண்டியை மூன்று வருடமாக நீட்டியது. அதற்காக ஒதுக்கிய தொகை 100 கோடி டாலருக்கும் மேல்.

இவ்வளவு படித்த பிறகும் நான் 360 பக்கமே நின்றதற்குக் காரணம் உண்டு. 2005-இல் வந்த 360-உம் 2009-இல் கடையில் இருந்த 360-உம் உள்ளே ஒன்றே அல்ல. மதர்போர்டு, அதாவது சிப்புகள் பொருந்தியிருக்கும் உள்பலகை, மாறிக்கொண்டே வந்தது. முதலில் வந்த பலகையின் பெயர் செனான், அதில் டிவிக்கான எச்டிஎம்ஐ இணைப்பு கிடையாது. அடுத்து செஃபிர், எச்டிஎம்ஐ வந்தது, சூடு அப்படியேதான். பிறகு ஃபால்கன், அதில் பிராசஸர் 65 நானோமீட்டருக்குச் சுருங்கியது (சிப்புக்குள் இருக்கும் நுண்பாகங்களின் அளவைச் சொல்லும் எண் இது). 2008 கடைசியில் ஜாஸ்பர் வந்தபோது கிராபிக்ஸ் சிப்பும் சுருங்கியது. சிப் சுருங்கினால் மின்சாரம் குறைவு, மின்சாரம் குறைந்தால் சூடு குறைவு. அடாப்டரே அதைக் காட்டிக்கொடுத்தது: முதல் இரண்டுக்கும் 203 வாட், ஃபால்கனுக்கு 175, ஜாஸ்பருக்கு 150.

இந்தப் பெயர்கள் எதுவும் பெட்டியில் அச்சாகியிருக்காது. ஆனால் பெட்டியில் ஒரு சின்ன வெட்டு இருக்கும், அதன் வழியாக மெஷினின் பின்பக்க லேபிள் தெரியும். சீரியல் எண், தயாரித்த தேதி, அதன் பக்கத்தில் பொடி எழுத்தில் 12 வோல்ட், இத்தனை ஆம்பியர் என்று இருக்கும். 16.5 என்றால் பழசு, 14.2 என்றால் ஃபால்கன், 12.1 என்றால் ஜாஸ்பர். ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் நோக்கியா போனின் டார்ச்சை அடித்து அந்த வெட்டுக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். "சார், உள்ள என்ன தேடுறீங்க? எல்லாம் ஒரே மால்தான்" என்றார் கடைக்காரர். மேலே இருந்த பெட்டியில் 14.2. அடுக்கின் அடியில் இருந்ததை எடுக்கச் சொன்னேன், முனகிக்கொண்டே எடுத்துக் கொடுத்தார். 12.1. விலை ஒரு ரூபாய்கூட வித்தியாசம் இல்லை. அந்த மெஷின் இன்றும் ஓடுகிறது.

என்னோடு வந்த நண்பன் பிஎஸ்3 கட்சி. அவனிடம் பிஎஸ்2 ஒரிஜினல் டிஸ்க்குகள் ஒரு அட்டைப்பெட்டி நிறைய இருந்தன. அவனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: அவை புது மெஷினில் ஓட வேண்டும். 2006-இல் அமெரிக்காவில் வந்த 60 ஜிபி பிஎஸ்3-க்குள் பிஎஸ்2-வின் சிப்புகளையே வைத்திருந்தார்கள். ஐரோப்பாவுக்கு 2007-இல் வந்ததில் அதில் பாதியை எடுத்துவிட்டு மீதியை மென்பொருளால் சமாளித்தார்கள். 40 ஜிபி மாடலில் சுத்தமாக இல்லை. இதை அடையாளம் காண எளிய வழி, முன்பக்க யூஎஸ்பி துளைகளை எண்ணுவது. நான்கு என்றால் பிஎஸ்2 டிஸ்க் ஓடும், இரண்டு என்றால் ஓடாது. காப்பி டிஸ்க் என்றால் எதிலும் ஓடாது, அது வேறு. அவன் புதுசை விட்டுவிட்டு, நான்கு துளை உள்ள செகண்ட் ஹேண்ட் ஒன்றைத் தேடிப் பிடித்தான். புது மாடல்தான் நல்ல மாடல் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எனக்குப் புதுசு சரி, அவனுக்குப் பழசுதான் சரி.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்க 360-இன் அடாப்டர் 110 வோல்ட்டுக்கானது, நம் 230-இல் நேரடியாகச் சொருகக் கூடாது. அதன் கேம்களிலும் பலவற்றுக்கு நாட்டுப் பூட்டு உண்டு, அதாவது வேறு நாட்டு மெஷினில் ஓடாது, பிஎஸ்3 கேம்களுக்கு அநேகமாகக் கிடையாது. அந்தக் காலத்தில் அமெரிக்காவில் சித்தப்பா இருந்தவர்களெல்லாம் பிஎஸ்3 வாங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

கோவைக்காரர்:

அண்ணா சொன்ன பிஎஸ்3 கதையோடு என் கதையையும் சேர்த்துக்கொள்கிறேன். நான் அப்போது இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தேன். எங்களுக்கு பிஎஸ்3 பிடித்தது கேமுக்காக மட்டுமல்ல. பழைய தடித்த மாடலில் கம்ப்யூட்டரில் போடும் லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளலாம், சோனியே அதற்கு வழி வைத்திருந்தது. அதிலிருந்த செல் சிப் கணக்குப் போடுவதில் அப்படி வேகம். அமெரிக்க விமானப்படையின் ஆய்வகம் 1,760 பிஎஸ்3-களை ஒன்றாகக் கோத்து ஒரு சூப்பர் கம்ப்யூட்டரே கட்டியது.

2009 செப்டம்பரில் மெலிந்த பிஎஸ்3, அதாவது ஸ்லிம் வந்தது. 120 ஜிபி, 45 நானோமீட்டர் சிப், சத்தம் குறைவு, அமெரிக்காவில் விலை 299 டாலர். வாங்கத் துடித்த நேரத்தில்தான் தெரிந்தது, அதில் லினக்ஸ் வசதியை எடுத்துவிட்டார்கள் என்று. சரி, பழைய மாடலே போதும் என்று இருந்தோம். 2010 ஏப்ரல் 1 அன்று வந்த 3.21 என்ற மென்பொருள் அப்டேட் பழைய மாடலிலும் அதைத் துடைத்துவிட்டது. அப்டேட் போடாவிட்டால் ஆன்லைனில் விளையாட முடியாது, போட்டால் லினக்ஸ் போய்விடும். நாங்கள் புராஜெக்டுக்காக 3.15-லேயே நிறுத்தி, நெட்வொர்க் ஒயரையே பிடுங்கி வைத்திருந்தோம். அமெரிக்காவில் இது வழக்கு வரை போனது.

நான் இதைச் சொல்வது, மாடல் எண்ணோடு உள்ளே இருக்கும் மென்பொருள் எண்ணையும் பார்க்கவேண்டிய காலம் ஒன்று இருந்தது என்பதற்காக. இன்றைக்கும் செகண்ட் ஹேண்டில் பழைய மாடல் தேடுபவர்கள், கடையிலேயே ஆன் செய்து செட்டிங்ஸில் அதைப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

ஈரோட்டு அம்மா:

எனக்கு இந்த நானோமீட்டர் எல்லாம் தெரியாது. இரண்டு பையன்களுக்கு வாங்கிக் கொடுத்த அனுபவம் மட்டும்தான். 2021 பிப்ரவரியில் பிஎஸ்5 இந்தியாவுக்கு வந்தபோது டிஸ்க் மாடல் 49,990, டிஸ்க் இல்லாமல் இன்டர்நெட்டில் இறக்கி மட்டும் விளையாடும் டிஜிட்டல் மாடல் 39,990. நாங்கள் அப்போது வாங்கவில்லை. 2024 ஏப்ரலில் ஸ்லிம் வந்த பிறகு வாங்கினோம், 54,990-உம் 44,990-உம். விலை ஏறினாலும் இரண்டுக்கும் நடுவில் அதே பத்தாயிரம்தான்.

பெரியவன் "டிஜிட்டல் போதும்மா, டிஸ்க்கெல்லாம் யாரு வாங்குறா" என்றான். நான் ஒரு பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். அப்போது பெரிய கேம் ஒன்று புதிதாக வந்தால் 4,999 ரூபாய். டிஜிட்டலில் வாங்கினால் முடித்த பிறகு அதை யாருக்கும் கொடுக்க முடியாது. டிஸ்க்காக வாங்கினால் முடித்ததும் விற்கலாம், எதிர்வீட்டுப் பையனிடம் மாற்றிக்கொள்ளலாம். பத்தாயிரம் என்பது இரண்டு கேமின் விலை, அவ்வளவுதான். டிஸ்க் மாடலையே வாங்கினோம், எங்கள் தெருவில் ஒரே டிஸ்க் நாலு வீடு சுற்றுகிறது.

ஸ்லிம்மில் டிஸ்க் டிரைவைத் தனியாகக் கழற்றலாம், மாட்டலாம். அதனால் இப்போது டிஜிட்டல் வாங்கிவிட்டுப் பிறகு டிரைவ் சேர்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். செய்யலாம்தான். ஆனால் டிரைவ் தனியாக எப்போது, என்ன விலைக்குக் கிடைக்கும் என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். மாட்டியதும் முதல் தடவை இன்டர்நெட்டில் பதிவு செய்யவும் வேண்டும்.

இன்னொன்று. கொழுந்தனார் துபாயிலிருந்து ஒரு டிஸ்க் கொண்டுவந்தார். கேம் நன்றாகவே ஓடியது, ஆனால் அதற்கான கூடுதல் பாகங்களை எங்கள் இந்தியக் கணக்கில் சேர்க்க முடியவில்லை. அவை டிஸ்க் எந்த நாட்டுடையதோ அந்த நாட்டுக் கணக்கில்தான் சேருமாம். அதனால் எந்த கேமுக்கெல்லாம் கூடுதல் பாகம் வரும் என்று சின்னவன் நினைக்கிறானோ, அதையெல்லாம் இங்கேயே வாங்கிவிடுகிறோம்.

சிங்கப்பூரிலிருந்து:

நிண்டெண்டோவைப் பற்றி யாரும் பேசவில்லை, நான் பேசுகிறேன். அவர்களுடைய ஸ்விட்ச் கையிலும் வைத்து விளையாடலாம், டிவியிலும் மாட்டலாம். ஊருக்கு வரும்போதெல்லாம் "ஸ்விட்ச் ஒண்ணு வாங்கிட்டு வா" என்று யாராவது கேட்பார்கள், ஏனென்றால் இந்தியாவில் நிண்டெண்டோ நேரடியாக விற்பதில்லை. எந்த ஸ்விட்ச் என்று கேட்டால் பதில் இருக்காது.

2017-இல் வந்த முதல் மாடலின் பேட்டரி இரண்டரை முதல் ஆறரை மணி நேரம் நிற்கும். 2019-இல் சத்தமில்லாமல் ஒரு திருத்திய மாடல் வந்தது, நாலரை முதல் ஒன்பது மணி நேரம். பெயரும் அதே, தோற்றமும் அதே. பெட்டி முழுக்கச் சிவப்பாக இருந்தால் அது புதுசு. அதே வருடம் வந்த லைட் மாடல் விலை குறைவு, கைக்கு அடக்கமாக இருக்கும், ஆனால் டிவியில் மாட்ட முடியாது. நான் கடையில் நிற்கும்போது ஒரு தாத்தா பேத்திக்காக லைட்டைக் கையில் எடுத்துவிட்டார். "வீட்டில் எல்லாரும் டிவியில் சேர்ந்து விளையாடணும்" என்று அவர் சொன்னது காதில் விழுந்ததும் நான்தான் குறுக்கே போய்ச் சொன்னேன். அவர் பெரிய மாடலை வாங்கிக்கொண்டு, எனக்கு ஒரு காபியும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

2021-இல் வந்த ஓஎல்இடி மாடலில் திரை 7 அங்குலம், பழையதில் 6.2. சேமிப்பு 32 ஜிபியிலிருந்து 64 ஆனது. பிராசஸரின் வேகத்தில் மாற்றம் இல்லை. கையில் வைத்தே விளையாடுபவர் என்றால் அந்தத் திரைக்குக் கூடுதல் காசு தகும். எப்போதும் டிவியில்தான் என்றால் தகாது.

சென்னைவாசி:

ஈரோட்டு அம்மாவின் பேப்பர் கணக்கைத்தான் எல்லாரும் முதலில் போடவேண்டும். எக்ஸ்பாக்ஸ் பக்கம் அதே கேள்வி இன்னும் கூர்மையாக வரும், ஏனென்றால் அதன் இரண்டு மாடல்களான சீரிஸ் எஸ் (டிஸ்க் போட முடியாது), சீரிஸ் எக்ஸ் இரண்டும் டிஸ்க்கில் மட்டுமல்ல, பலத்திலும் வேறு. எஸ்-இல் நினைவகம் 10 ஜிபி, எக்ஸ்-இல் 16. எஸ்-இன் முதல் மாடலில் சேமிப்பு 512 ஜிபி என்று போட்டிருந்தாலும் நமக்குக் கிடைப்பது 364 தான், நூறு ஜிபி கேம்கள் மூன்று போட்டால் நிறைந்துவிடும். பால்டர்ஸ் கேட் 3 என்ற கேம் பிஎஸ்5-க்கு 2023 செப்டம்பரில் வந்தது, எக்ஸ்பாக்ஸுக்கு டிசம்பர் ஆனது. ஒரே திரையை இரண்டாகப் பிரித்து விளையாடும் வசதியை எஸ்-இல் கொண்டுவர முடியாமல் போனதுதான் தாமதத்துக்குக் காரணம், கடைசியில் அந்த வசதி இல்லாமலேயே எஸ்-க்கு வெளியிட்டார்கள். கேம்களை விலைக்கு வாங்காமல் மாதச் சந்தா கட்டி, ஒரு நேரத்தில் ஓரிரு கேம் மட்டும் விளையாடுபவருக்கு எஸ் நல்ல பேரம். ஐந்தாறு வருடம் வைத்திருக்க நினைப்பவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

நான் எடுத்தது சீரிஸ் எக்ஸ், காரணம் என் பழைய 360 டிஸ்க்குகள். பழைய கேம்களில் எவை ஓடும் என்று மைக்ரோசாஃப்ட் தந்திருக்கும் பட்டியலில் உள்ள கேமின் டிஸ்க்கைப் போட்டால், கேம் இறங்கி ஓடுகிறது, பல கேம்கள் முன்பைவிடத் தெளிவாக. பிஎஸ்5 பிஎஸ்4 டிஸ்க்கோடு நின்றுவிடும். ஆனால் எக்ஸ்பாக்ஸ் கேம் எக்ஸ்பாக்ஸில் மட்டும்தான் என்ற காலம் போய்விட்டது, மைக்ரோசாஃப்ட்டின் ஃபோர்சா ஹொரைசன் 5-ஏ 2025 ஏப்ரலில் பிஎஸ்5-க்கு வந்துவிட்டது. சோனியின் காட் ஆஃப் வார் எதிர்ப்பக்கம் வரவில்லை. பழைய டிஸ்க் எதுவும் இல்லாமல் புதிதாகத் தொடங்கும் தம்பிக்கு அதனால்தான் பிஎஸ்5 என்று தயங்காமல் சொல்கிறேன்.

அதில் எது? மாடல் எண்ணைப் பாருங்கள்: முதல் வரிசை சிஎஃப்ஐ-1000, எடை நாலரை கிலோ. 1100-இல் வெப்பத்தை இழுக்கும் உலோகப் பாகம் சிறியதானது. 1200-இல் 6 நானோமீட்டர் சிப், எடை 3.9 கிலோ. 2000 வரிசை என்றால் ஸ்லிம். இந்தியாவுக்கென்று வந்ததில் கடைசி இரண்டு இலக்கம் 08, அதாவது 1208, 2008 என்று இருக்கும். வேறு இலக்கம் என்றால் வெளிநாட்டுச் சரக்கு, இங்கே வாரண்டி கேட்க முடியாது. செகண்ட் ஹேண்ட் என்றால் 1200 வரிசைக்குக் குறையாமல் பாருங்கள். பலம் கூடிய பிஎஸ்5 புரோ 2024 நவம்பரில் வெளிவந்தபோது இந்தியா பட்டியலில் இல்லை, அதன் வைஃபை பயன்படுத்தும் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு அப்போது இங்கே அனுமதி இல்லாததுதான் காரணம். துபாயிலிருந்து ஒருவர் கொண்டுவந்து கூடுதல் விலை சொன்னால், அதில் டிஸ்க் டிரைவும் கிடையாது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பி, உங்கள் டிவி 4கே-யா, பக்கத்தில் டிஸ்க் மாற்றிக்கொள்ள யாரிடம் என்ன கன்சோல் இருக்கிறது, இந்த இரண்டையும் எழுதுங்கள். கடையில் பெட்டியைக் கையில் எடுத்ததும் மாடல் எண்ணைப் போட்டோ எடுத்துப் போடுங்கள், காசு கொடுப்பதற்குள் பதில் சொல்லிவிடுகிறேன்.