தாமரைக் காய், வாழைப்பூ, குளவிக்கூடு: மண்ணில் செய்து பார்த்தவர்கள் சொன்னது

திருவையாற்றிலிருந்து:
தாமரைக் காய் முற்றிக் காய்ந்தால் விதைகள் குழிக்குள் கலகலவென்று ஆடும். அதை அப்படியே மண்ணில் செய்ய வேண்டுமென்று எனக்கு ஒரு கிறுக்கு. இங்கே வண்டலுக்கா பஞ்சம்? உருண்டைகளைப் பிடித்து வெயிலில் நன்றாகக் காயவைத்து, ஈரக் காயின் குழிகளில் பதித்தேன். மூன்றாம் நாள் குழிக்குக் குழி விரிசல்.

பானை செய்யும் பெரியவரிடம் கொண்டுபோனேன். திருப்பிப் பார்த்துச் சிரித்தார். "உருண்டை சுருங்கி முடிஞ்சிருச்சு தம்பி, காய் இனிமேதான் சுருங்கணும். உள்ள கல்லு மாதிரி உக்காந்திருந்தா அது எங்க போகும்?"

வண்டல் நைசாக இருப்பதால் சுருக்கமும் அதிகமாம். சலித்த ஆற்று மணல் கலக்கச் சொன்னார். உருண்டையையும் ஈரமாகவே பிடித்து, செய்தித்தாளில் சுற்றி வைத்து, குழியின் வாயைக் கொஞ்சம் குறுக்கிவிடச் சொன்னார். சூளையில் தாள் எரிந்துவிடும், உருண்டை தனியாக நிற்கும். காயின் பின்பக்கத்தைக் குடைந்தும் எடுத்தேன்; கனமான மண்ணில் ஈரம் தங்கினால் சூட்டில் வெடித்துவிடும். ஏழு உருண்டையில் ஐந்து ஆடுகிறது. இரண்டு ஒட்டிக்கொண்டது. குளத்துக் காயிலும் ஒன்றிரண்டு அப்படித்தான் இருக்கிறது என்று சமாதானம் செய்துகொண்டேன்.

மயிலாடுதுறையிலிருந்து:
உங்களுடையது விரிசல்தானே, என்னுடையது உருகியே போனது. புதுச்சேரியில் 1971-ல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மட்பாண்டப் பட்டறையின் அதிக சூட்டில் சுட்ட பாத்திரங்களைப் பார்த்த ஆசையில், ஊர் மண்ணில் வாழைப்பூ செய்து 1250 டிகிரியில் சுட்டேன். மடல் மடலாக அடுக்கியது பணியாரமாகி, சூளைத் தட்டோடு ஒட்டிக் கிடந்தது. இரும்புச்சத்துள்ள நம் மண் அந்தச் சூட்டைத் தாங்காது.

ஆனால் உருகிய இடம் கண்ணாடி மாதிரி பளபளத்தது! அப்புறம் அந்தச் சூட்டைத் தாங்கும் வெளியூர்க் களிமண்ணில் பூவைச் செய்து, ஊர் மண்ணை விறகுச் சாம்பலோடு கரைத்து மேலே பூசினேன். அரிசி ஆலை உமிச் சாம்பலும் கொஞ்சம் சேர்த்தேன், அதில் பெரும்பங்கு சிலிக்காதான். மடல் விளிம்பில் பூச்சு மெலிந்து செம்பழுப்பு, மடிப்பில் தேங்கிக் கருப்பு. சாயம் எதுவும் வாங்கவில்லை.

வேதாரண்யத்திலிருந்து:
எனக்குக் குரு குளவி. ஜன்னல் கட்டையில் சுண்டைக்காய் அளவு மண் குடுவை கட்டியிருந்தது. வாய் விளிம்பை வெளியே மடித்திருந்த நேர்த்தி, அசல் பானைதான். புழுக்களை உள்ளே அடைத்து வாயை மூடியும்விட்டது. கலைக்கக் கூடாது என்றார் அம்மா. குளவி கூடு கட்டினால் வீட்டில் பிள்ளை பிறக்குமாம். எனக்கு ஐம்பத்தாறு வயது.

அந்த விளிம்பு மூன்று முறையும் எனக்கு வரவில்லை, தடித்துப் போகிறது. ஒருநாள் பார்த்தால் குஞ்சு பக்கவாட்டில் துளைபோட்டுப் போய்விட்டது. என் குடுவையிலும் அதே இடத்தில் துளை வைத்தேன். தண்ணீர் ஊற்ற முடியாதே என்று அம்மாவுக்கு இன்னும் குறை.