பெருந்தொற்றுக் காலத்தில் கல்லூரி மாணவர்களுக்கு வேண்டியது மனப்பயிற்சியா, சுமைக் குறைப்பா?

நெய்தல்:
2020 மார்ச் 11 அன்று கோவிட்-19 பெருந்தொற்று என்று உலக சுகாதார நிறுவனம் கூறிய சில வாரங்களுக்குள் பெரும்பாலான நாடுகளில் கல்லூரிகள் மூடப்பட்டன. முதல் ஆண்டிலேயே பதற்றமும் மனச்சோர்வும் உலக அளவில் சுமார் 25 விழுக்காடு உயர்ந்தன என்றும், இளைஞர்கள் கூடுதலாகப் பாதிக்கப்பட்டனர் என்றும் அதே நிறுவனம் 2022-இல் அறிவித்தது. இதற்குப் பல கல்லூரிகள் கண்ட தீர்வு, இணையவழியில் ஒரு மூச்சுப்பயிற்சி வகுப்பு. ஒப்படைப்புகளும் தேர்வுகளும் குறையவில்லை. சுமையை ஏற்றிவிட்டு அதைத் தாங்கக் கற்றுக்கொள் என்பது எந்த வகையில் நியாயம்?

கற்பாறை:
ஆசிரியன் என்ற முறையில் இதை மறுக்கிறேன். நீங்கள் காட்டும் 25 விழுக்காடு பொதுமக்கள் அனைவருக்குமானது. தேர்வே எழுதாதவர்களும் அதில் அடங்குவர். ஆகவே அந்த எண்ணைக் கொண்டு பாடச்சுமையைக் குற்றவாளியாக்க முடியாது. மேலும், மாணவர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வுகளில் பல, மனச்சோர்வின் அறிகுறிகளை அளக்கும் பிஎச்க்யூ-9 போன்ற வினாநிரல்களை நம்பியவை. கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி ஒன்பது கேள்விகள், மொத்தம் 27 மதிப்பெண்கள். பத்தோ அதற்கு மேலோ வந்தால் மேலும் விசாரிக்க வேண்டும் என்று பொருளே தவிர, நோய் உறுதியானது என்று பொருளல்ல. ஊரே அஞ்சிக் கிடக்கும்போது தூக்கம் கெடுவது இயல்பு. வகுப்பும் தேர்வும் இல்லாமல் போனால், காலையில் எழுவதற்கு இருந்த ஒரே காரணமும் பல மாணவர்களுக்கு இல்லாமல் போகும்.

நெய்தல்:
வினாநிரல் நோயை உறுதி செய்யாது என்பது சரி. ஆனால் அதன் ஒன்பதாவது கேள்வி, இறந்துவிட்டால் நல்லது என்ற எண்ணமோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணமோ வந்ததா என்பது. அதற்கு ஆம் என்று குறித்த மாணவரிடம் அன்றே ஒருவர் பேச வேண்டும். மனநலச் சிக்கல்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு 24 வயதுக்குள் தொடங்குகின்றன என்பதை அறிந்தவர்கள், இந்த வயதினரின் துயரத்தை இயல்பு என்று சொல்லிக் கடந்து போகக் கூடாது.

மணல்மேடு:
மாணவர்களுக்கு உளவியல் ஆலோசனை வழங்கும் பணியில் இருப்பதால் இதைச் சொல்கிறேன். உளவியலாளர்கள் ரிச்சர்ட் லாசரஸும் சூசன் ஃபோக்மனும் 1980-களில் விளக்கிய வேறுபாடு இங்கே பயன்படும்: நெருக்கடியின் காரணத்தையே மாற்ற முயல்வது ஒரு வகைச் சமாளிப்பு, மாற்ற முடியாத ஒன்றால் எழும் உணர்ச்சியைக் கையாள்வது மற்றொரு வகை. தொற்றில் தந்தையை இழந்த மாணவிக்கு எந்தச் சுற்றறிக்கையும் உதவாது. அவருக்குத் துணையும், அழ இடமும், ஆலோசனையும் வேண்டும். ஆனால் தேர்வு நடக்குமா நடக்காதா என்று தெரியாமல் மாதக்கணக்கில் தவிக்கும் மாணவரின் பதற்றத்தை ஒரே சுற்றறிக்கையால் தணித்துவிடலாம். அதைச் செய்யாமல் அவரைக் கண்மூடி மூச்சை எண்ணச் சொல்வது, மருத்துவம் அல்ல, தட்டிக்கழித்தல். காரணம் யாருடைய கையில் இருக்கிறது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

கற்பாறை:
தேதிகளை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்பதில் எனக்கு எதிர்ப்பில்லை. தேர்வை நீக்குவதைத்தான் எதிர்க்கிறேன். மதிப்பெண் இல்லாத சான்றிதழை வேலை தருபவர் ஏற்பாரா என்ற கவலை ஒரு பருவத்தோடு முடிந்துவிடாது. இன்றைய பதற்றத்தைக் குறைப்பதற்காக நாளைய பதற்றத்தை விதைக்கிறோம்.

நெய்தல்:
தேர்வை நீக்கச் சொல்லி நான் எங்கும் எழுதவில்லை. நான் கேட்பவை சிறியவை. குடும்பமே ஒரு கைப்பேசியைப் பகிர்ந்துகொள்ளும் வீட்டிலிருந்து வருபவரைக் கேமராவை இயக்கியே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள். வகுப்பைப் பதிவு செய்து வையுங்கள். வீட்டில் நோயாளி இருக்கும் வாரத்தில், சான்றிதழ் கேட்காமல் ஒப்படைப்புக்குக் கூடுதல் நாள்கள் கொடுங்கள். இவற்றில் எது கல்வித் தரத்தைக் கெடுக்கும் என்று கற்பாறை அவர்கள் விளக்கினால், அதைப் பற்றித் தொடர்ந்து பேசலாம்.