அவசரம்: படுக்கையறை ஜன்னல் கண்ணாடி வெடித்துவிட்டது, யாரைக் கூப்பிடுவது?

கோவைப் புதுவரவு:
எல்லோருக்கும் வணக்கம். ஊரிலிருந்து மலேசியா வந்து இன்னும் பெட்டிகூட முழுதாகப் பிரிக்கவில்லை. இன்று மதியம் படுக்கையறை ஜன்னல் கண்ணாடி வெடித்துவிட்டது. கணவர் ஷிப்டில் இருக்கிறார், உள்ளே போன் கொண்டுபோக விடமாட்டார்கள். இரண்டு வயதுக் குழந்தையோடு ஹாலில் உட்கார்ந்திருக்கிறேன். வானம் வேறு கறுத்துக்கொண்டு வருகிறது. ஏஜெண்டுக்கு அழைத்தால், "வீட்டில் இருப்பது நீங்கள்தானே, நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள்" என்கிறார். இங்கே கண்ணாடி மாற்ற யாரைக் கூப்பிட வேண்டும்? எவ்வளவு ஆகும்? எங்கள் டெபாசிட்டில் பிடித்துக்கொள்வார்களா? யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

செந்தூல் பையன்:
டெபாசிட் விஷயத்துக்கு முதலில் வருகிறேன், அதுதான் முக்கியம். இங்கே வழக்கம், இரண்டு மாத வாடகை டெபாசிட், அரை மாதம் தண்ணீர் மின்சாரத்துக்கு, அதற்கு மேல் ஒரு மாத முன்வாடகை. வாடகை ஒப்பந்தத்துக்கு ஸ்டாம்ப் அடித்தார்களா? அடிக்கவில்லை என்றால் நாளை வழக்கு என்று போனால், அபராதம் கட்டி ஸ்டாம்ப் அடிக்கும்வரை அந்தத் தாளை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. நான் வந்த புதிதில் இருந்த வீட்டில், சமையலறை அலமாரியில் பழைய கீறல் ஒன்று இருந்தது. காலி செய்யும்போது அதைக் காட்டி வீட்டுக்காரர் பாதி டெபாசிட்டை முழுங்கிவிட்டார். கையில் வேலை ஒன்றுதான் இருந்தது, சண்டை போட நேரமில்லை. அதனால் சொல்கிறேன், வீட்டுக்குள் நுழைந்த அன்றே மூலை முடுக்கெல்லாம் வீடியோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்ப வேண்டும். அனுப்பினீர்களா?

பிரிக்பீல்ட்ஸ் மெஸ்:
ஒரு கண்ணாடிக்கு இவ்வளவு பயமா தங்கச்சி? நாக்கோ ஜன்னல்தானே, கண்ணாடித் தகடுகளை அடுக்கடுக்காகச் செருகியிருப்பது? உடைந்த தகட்டை இரண்டு பக்கமும் கிளிப்பைத் தளர்த்தி உருவி எடுங்கள். பக்கத்துத் தகட்டின் நீளம், அகலம், கனம் மூன்றையும் எழுதிக்கொண்டு கண்ணாடிக் கடைக்குப் போனால் கண்ணெதிரே வெட்டித் தருவார்கள். ஓரத்தைத் தேய்த்துத் தரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் துடைக்கும்போது கையைக் கிழிக்கும். ஆள் கூப்பிடவே வேண்டாம். நாங்கள் கடை மாடியில் ஒரே அறையில் ஆறு பேர் கிடந்தோம். ஜன்னலில் கண்ணாடிக்குப் பதில் அரிசி மூட்டைச் சாக்குதான். மழை வந்தால் யார் பாய் நனையும் என்று பந்தயம் கட்டுவோம். இப்போது வருகிறவர்களுக்கு எல்லாமே அவசரம்.

தெம்பனிஸ் வாசி:
சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். இங்கே வெளிப்பக்கம் திறக்கும் ஜன்னல்களில் அலுமினிய ரிவெட்டை எடுத்துவிட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரிவெட் போட வேண்டும் என்று 2004 முதல் சட்டம் இருக்கிறது. ஜன்னல் கழன்று கீழே விழுந்தால் வீட்டுக்காரர்தான் பதில் சொல்ல வேண்டும். உங்கள் ஜன்னல் கீல்களையும் பாருங்கள்.

அலுமினியப் பட்டறை:
தங்கச்சி கேட்டது கண்ணாடி, கீல் இல்லை. நான் பட்டறையில் வேலை பார்ப்பவன். நீங்கள் எழுதியதை வைத்து எந்தக் கடைக்காரரும் விலை சொல்ல முடியாது. எந்த ஊர், எத்தனையாவது மாடி? ஜன்னல் பக்கவாட்டில் நகர்வதா, வெளியே தள்ளித் திறப்பதா, திறக்கவே முடியாததா? உடைந்த துண்டுகள் கத்தி மாதிரி நீளமா, சின்னச் சின்னதா? கீழே கொட்டிவிட்டதா, சட்டத்திலேயே நிற்கிறதா? முக்கியமாக, ஏதாவது பட்டு உடைந்ததா? எதையும் கூட்டிப் பெருக்குவதற்கு முன் படம் எடுத்து வையுங்கள்.

சைபர்ஜெயா கணினி:
ஏஜெண்ட் பேச்சைக் கேட்டாலே எரிச்சலாக இருக்கிறது. வாடகை வாங்கும்வரை "பாஸ், பாஸ்" என்பார்கள், சாவி கைமாறியதும் புளூ டிக்கோடு சரி. நான் வீடு தேடியபோது பாதி விளம்பரத்தில் எந்த இனத்தாருக்கு வாடகைக்கு என்று வெளிப்படையாகவே போட்டிருந்தார்கள். மீதியில் நேரில் போனதும் "நேற்றே போய்விட்டது". வங்கிக் கணக்கு திறக்கப் போனால் வேலை பாஸ் கேட்பார்கள், பாஸ் வரும்வரை சம்பளம் எங்கே போடுவது என்று அலுவலகம் கேட்கும்.

செந்தூல் பையன்:
வங்கியைப் பற்றித் தொடங்கினால் விடிந்துவிடும். மனைவியின் டிபெண்டன்ட் பாஸுக்குத் திருமணச் சான்றிதழில் எத்தனை முத்திரை அடித்தேன் தெரியுமா?

பிரிக்பீல்ட்ஸ் மெஸ்:
இப்போதாவது முத்திரை. எங்கள் காலத்தில் முதலாளி பாஸ்போர்ட்டை வாங்கிப் பெட்டியில் பூட்டி வைத்துக்கொள்வார். கேட்டால், "பத்திரமாக இருக்கும்லா" என்பார். ஊரில் அப்பா படுத்த படுக்கையானபோது...

ஜெலுத்தோங் அக்கா:
அண்ணே, அதையெல்லாம் தனியாகப் பேசிக்கொள்ளலாம். அங்கே பிள்ளையை வைத்துக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். தங்கச்சி, பட்டறைக்காரர் கேட்டதற்குப் பதில் போடுங்கள்.

கோவைப் புதுவரவு:
மன்னிக்கவும், பதற்றத்தில் எதையுமே சொல்லவில்லை. நாங்கள் இருப்பது பினாங்கு, பாயான் லெப்பாஸ் பக்கம், 17-வது மாடி காண்டோ (அடுக்குமாடி வீடு). பெரிய கண்ணாடி, திறக்க முடியாதது, அதன் பக்கத்தில் சின்னதாகத் திறக்கும் ஜன்னல் ஒன்று. யாரும் தொடவில்லை. நான் சமையலறையில் இருந்தபோது படார் என்று சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் கண்ணாடி முழுக்கக் கல்கண்டு மாதிரி நொறுங்கியிருக்கிறது. உட்புறம் ஒட்டியிருக்கும் கறுப்பு ஃபிலிம் பெரும்பகுதியைப் பிடித்து வைத்திருக்கிறது. ஒரு மூலையில் மட்டும் கொஞ்சம் தரையில் கொட்டியிருக்கிறது. ஃபிலிம் நாங்கள் ஒட்டியதில்லை.

சைபர்ஜெயா கணினி:
பினாங்கா! இவ்வளவு நேரம் கேஎல் (கோலாலம்பூர்) என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜெலுத்தோங் அக்கா:
சரி, இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் கார்ட் ஹவுஸுக்கு (வாசல் காவலர் அறைக்கு) இண்டர்காமில் அழைத்து, "17-வது மாடியில் கண்ணாடி உடைந்திருக்கிறது, கீழே ஆள் நடக்காமல் கயிறு கட்டுங்கள்" என்று சொல்லுங்கள். அந்த உயரத்திலிருந்து சின்னக் கட்டி விழுந்தாலும் கீழே போகிறவர் தலை தாங்காது. அப்புறம் மேனேஜ்மெண்ட் ஆபீஸ் வாட்ஸப்புக்குப் படத்தோடு அதையே எழுதுங்கள். பெரும்பாலான காண்டோவில் டெக்னீஷியன் ஒருவர் இருப்பார், மேலே வந்து பார்ப்பார்.

ஃபிலிமை உரிக்காதீர்கள், விரலால் தள்ளிப் பார்க்கவும் வேண்டாம். உள்ளே போவதானால் கனமான செருப்பு போட்டுக்கொண்டு போங்கள். பக்கத்திலிருக்கும் சின்ன ஜன்னல் திறந்திருந்தால் மெதுவாகச் சாத்துங்கள், திரைச்சீலையை இழுத்து விடுங்கள். அந்த அறைக் கதவை மூடி, கதவடியில் துண்டைச் செருகுங்கள். ஹால் ஜன்னலையும் சாத்திவிடுங்கள், இல்லாவிட்டால் காற்று வீட்டுக்குள் புகுந்து அந்தக் கண்ணாடியை வெளியே தள்ளும். இரவு பிள்ளையோடு வேறு அறையில் படுங்கள். நம் பக்கம் விடிகாலையில் சுமத்ராவிலிருந்து வரும் காற்றுமழை திடீரென்று அடிக்கும். மாலை மழை நின்றுவிட்டது என்று நம்பி இருக்காதீர்கள்.

பிரிக்பீல்ட்ஸ் மெஸ்:
செலோடேப்பைக் குறுக்கும் நெடுக்கும் ஒட்டினால் போதுமே.

அலுமினியப் பட்டறை:
உட்புறம் அகலமான டேப் ஒட்டலாம், ஆனால் அழுத்தி ஒட்டப் போய்க் கண்ணாடி மொத்தமாகச் சரியலாம். தனியாக இருக்கும் பெண் அதைச் செய்ய வேண்டாம். டெக்னீஷியன் வந்ததும் ஜன்னல் சட்டத்தைச் சுற்றி உட்பக்கமாக இம்ப்ரா போர்டு (பிளாஸ்டிக் அட்டை) வைத்து அடைக்கச் சொல்லுங்கள். எந்த ஹார்ட்வேர் கடையிலும் கிடைக்கும், நனைந்தாலும் ஊறாது. அட்டைப்பெட்டி ஒரு மழைக்கே கூழாகிவிடும்.

இன்னொன்று. நீங்கள் சொல்வது டெம்பர் கண்ணாடி. அதை ஏறக்குறைய 620 டிகிரிக்கு மேல் சூடாக்கி, காற்றை வீசிச் சட்டென்று குளிரவைத்துச் செய்வார்கள். சாதாரணக் கண்ணாடியைவிட நான்கு மடங்கு பலம், உடைந்தால் இப்படித்தான் பொடியும். ஆனால் செய்யும்போது உள்ளே கண்ணுக்குத் தெரியாத நிக்கல் சல்பைடு துகள் மாட்டிக்கொண்டால், அது பிற்பாடு மெல்ல மெல்லப் பருத்து, யாரும் தொடாமலே ஒருநாள் கண்ணாடியை வெடிக்கவைக்கும். சில மாதத்திலும் நடக்கும், சில வருடம் கழித்தும் நடக்கும். ஏஜெண்ட் "நீங்கள்தான் உடைத்தீர்கள்" என்றால் இதைச் சொல்லுங்கள். விரிசல்கள் எல்லாம் எந்த இடத்திலிருந்து கிளம்பியிருக்கின்றன என்று பாருங்கள். அந்த மையத்தில் வண்ணத்துப்பூச்சி இறக்கை போல இரண்டு பெரிய துண்டுகள் ஒட்டி நின்றால் அது துகள் செய்த வேலைதான் என்று சந்தேகிக்கலாம். தொடாமல், அருகில் நின்று படம் எடுங்கள். பிறகு கழற்றும்போது அந்த இரண்டு துண்டையும் ஒரு டப்பாவில் போட்டு வைக்கச் சொல்லுங்கள்.

தெம்பனிஸ் வாசி:
ஃபிலிம் ஒட்டினால் கண்ணாடி சூடேறி உடையும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அப்படியானால் வீட்டுக்காரர் தலையில் கட்டலாமே?

அலுமினியப் பட்டறை:
அது சாதாரணக் கண்ணாடிக்கு. ஓரத்தில் தொடங்கி ஒன்றிரண்டு நீள விரிசலாக ஓடும். டெம்பர் அந்தச் சூட்டைத் தாங்கும். ஆனால் எதிர்த்தரப்பு அதைச் சாக்காகச் சொல்லக்கூடும் என்பது உண்மைதான்.

செந்தூல் பையன்:
இவ்வளவு எதற்கு? கடைக்காரரைக் கூப்பிட்டு மாற்றிவிட்டு, அடுத்த மாத வாடகையில் கழித்துக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் செய்தேன், அந்த ஆள் வாய் திறக்கவில்லை.

ஜெலுத்தோங் அக்கா:
தம்பி, உங்கள் வீட்டுக்காரர் வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான். எல்லாரும் அப்படி இருக்க மாட்டார்கள். எழுத்தில் சம்மதம் வாங்காமல் வாடகையைக் குறைத்தால் ஒப்பந்தத்தை மீறியது நீங்கள் என்று திருப்பிவிடுவார்கள். ஒப்பந்தத்தில் "சிறு பழுது" என்று ஒரு தொகை போட்டிருப்பார்கள், அதுவரை வாடகைக்கு இருப்பவர் செலவு. அதை எடுத்துப் படியுங்கள். இத்தனை பெரிய டெம்பர் கண்ணாடி சிறு பழுதாக இருக்காது. பிற்பாடு டெபாசிட்டைப் பிடித்து, அது 5,000 வெள்ளிக்குள் (ரிங்கிட்) என்றால், மாஜிஸ்திரேட் கோர்ட்டில் சிறு கோரிக்கையாக வக்கீல் இல்லாமலே போடலாம். அதுவரை போகவேண்டாம் என்றுதான் நினைக்கிறேன். ஏஜெண்டை விடுங்கள், வீட்டுக்காரர் நம்பர் உங்களிடம் இருக்கிறதா? கட்டடம் எவ்வளவு பழையது?

கோவைப் புதுவரவு:
கார்ட் வந்து கீழே தடுப்பு வைத்துவிட்டார். டெக்னீஷியன் அரை மணியில் வருவதாகச் சொன்னார்கள். கட்டடம் புதியது அக்கா, போன வருடக் கடைசியில்தான் சாவி கொடுத்தார்களாம், நாங்கள்தான் முதல் குடித்தனம். ஃபிலிமும் திரைச்சீலையும் வீட்டுக்காரர் போட்டுக் கொடுத்தது. அவர் ஜொகூரில் இருக்கிறார், நம்பர் ஒப்பந்தத்தில் இருக்கிறது. எல்லாவற்றையும் ஏஜெண்டிடமே பேசச் சொன்னதால் இதுவரை அழைக்கவில்லை.

அலுமினியப் பட்டறை:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் பாதிப் பேச்சு மிச்சம். இந்த மாதிரிப் புதுக் காண்டோவுக்குச் சாவி கொடுத்த நாளிலிருந்து 24 மாதம் டெவலப்பர், அதாவது கட்டி விற்ற நிறுவனம், பொறுப்பு. கட்டுமானத்திலோ பொருளிலோ குறை இருந்து வெளிப்பட்டால், எழுத்தில் கொடுத்த 30 நாளுக்குள் அவர்கள் செலவில் சரிசெய்ய வேண்டும். அந்தக் கடிதத்தை வீட்டு உரிமையாளர்தான் கொடுக்க வேண்டும், நீங்கள் கொடுத்தால் வாங்க மாட்டார்கள். அதனால் இன்றே அவரிடம் நேரடியாகச் சொல்லுங்கள். டெவலப்பர் ஆள் வந்து பார்ப்பதற்குள் நீங்கள் கடைக்காரரை வைத்து மாற்றிவிட்டால், அதோடு அவருடைய உரிமைக்குச் சாட்சி போய்விடும். ஆபத்தென்று டெக்னீஷியன் இன்றே கழற்றினால் கழற்றட்டும், படமும் அந்தத் துண்டுகளும் மட்டும் பத்திரம்.

ஜெலுத்தோங் அக்கா:
வாட்ஸப்பில் ஆங்கிலத்திலேயே சுருக்கமாக எழுதுங்கள். இத்தனை மணிக்கு, இந்த அறையில், எதுவும் படாமல் தானாக உடைந்தது, படம் இணைத்திருக்கிறேன், மேனேஜ்மெண்டுக்குச் சொல்லிவிட்டேன், இன்னும் 24 மாதம் ஆகாததால் டெவலப்பருக்கு எழுதுங்கள், தற்காலிகமாக அடைக்க ஆகும் செலவின் ரசீதை அனுப்புகிறேன். அவ்வளவு போதும். கோபம் ஒன்றும் வேண்டாம். அவருக்கும் இது லாபம்தான், காசு கொடுக்கப் போவது டெவலப்பர்.

தரையில் கொட்டியதைக் குப்பைக் குழாயில் போடாதீர்கள். தடித்த பெட்டியில் போட்டு டேப் ஒட்டி, மேலே மலாயில் "காச்சா" (கண்ணாடி) என்று பெரிதாக எழுதிக் குப்பை அறையில் வையுங்கள், எடுக்கும் ஆள் கை பிழைக்கும். கூட்டிய பிறகு விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைத் தரையோடு படுக்க வைத்து அடித்துப் பாருங்கள், மிச்சத் துண்டு மின்னும். குழந்தை தவழ்ந்து விளையாடும் இடம் என்றால் ஈரத்துணியால் இரண்டு முறை துடையுங்கள்.

கோவைப் புதுவரவு:
டெக்னீஷியன் வந்துவிட்டார், உள்ளிருந்து போர்டு வைத்து அடைத்துக்கொண்டிருக்கிறார். வீட்டுக்காரரிடமும் பேசிவிட்டேன். ஏஜெண்ட் அவரிடம் எதுவுமே சொல்லவில்லையாம். நாளை காலை டெவலப்பருக்கு மெயில் போடுவதாகச் சொன்னார். ஒருவேளை அவர்கள் மறுத்தால் கடையில் வாங்க எத்தனை நாளாகும்?

அலுமினியப் பட்டறை:
டெம்பரைச் செய்த பிறகு வெட்டவோ துளையிடவோ முடியாது. கடைக்காரர் வந்து அளந்து, ஆலைக்கு அனுப்பி, அந்த அளவிலேயே செய்து வரவழைக்க வேண்டும். அதனால் "இன்றே மாட்டித் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் அவர் கொண்டுவருவது சாதாரணக் கண்ணாடி. விலை சதுர அடிக் கணக்குதான், ஆனால் 17-வது மாடியில் வெளியே தொங்கி மாட்ட வேண்டுமா, உள்ளிருந்தே முடியுமா என்பதில்தான் பெரிய வித்தியாசம் வரும். இரண்டு மூன்று பேரை நேரில் வந்து பார்க்கச் சொல்லி விலையை எழுத்தில் வாங்குங்கள். வெளித்தோற்றம் மாறக்கூடாது என்பது காண்டோ விதி, கண்ணாடி நிறமும் கனமும் மற்ற வீட்டோடு ஒத்துப்போக வேண்டும். அதை மேனேஜ்மெண்டிடம் கேட்டு வாங்கி, அனுமதியும் எடுத்த பிறகு ஆர்டர் கொடுங்கள். ஆலையில் ஹீட் சோக் (மறுபடி சூடேற்றிச் சோதிப்பது) செய்த கண்ணாடியா என்று கேளுங்கள். துகள் இருக்கும் கண்ணாடியில் பெரும்பாலானவை அந்தச் சூட்டிலேயே வெடித்துவிடும். மாட்டி முடித்ததும் மூலையில் டெம்பர் முத்திரை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.